பெல்லின் வாலில் ஒரு சீட்டி

இதற்குத் தானியம் வைத்துவிடாதீர்கள் ஸார், தொடாது. வெட்டுக்கிளி கிடைத்தால் உத்தமம். கிடைக்காத நாளில் முட்டையை அவித்து, மஞ்சள் கருவை உதிர்த்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டினால் வந்து எடுத்துக்கொள்ளும். வாலில் இரண்டு கம்பி நீளமாகத் தொங்குகிறது பாருங்கள், ஜீப்பில் ஏற்றும்போது அது கதவில் மாட்டாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். வனத்துறையில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் குஞ்சிலிருந்து வளர்த்தவன், சொல்லாமல் அனுப்ப மனம் வரவில்லை.

உங்கள் புத்தகத்தில் துடுப்புவால் கரிச்சான் என்று போட்டிருக்கும். குழித்துறைப் பக்கம் நாங்கள் காடுமுழக்கி என்போம். காட்டுப் பறவையை அனுமதி இல்லாமல் வளர்த்தது குற்றம். அதை நான் மறுக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூட வந்திருக்கிற போலீஸ் ஸார் பெல்லைப் பற்றிக் கேட்டார். அதையும் சொல்கிறேன். பறவையை விட்டுவிட்டு பெல்லைச் சொல்ல முடியாது, அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

என் பெயர் வைகுண்டராஜன். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்த மைக் செட் கடை என்னுடையதும் என் அண்ணன் முத்துநாயகத்துடையதும். கோயில் கொடை, சர்ச் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் போவோம். டெம்போ ஓட்டுவது, பெட்டி தூக்குவது, குழாய் ஸ்பீக்கரைத் தென்னையில் ஏறிக் கட்டுவது எல்லாம் அண்ணன். ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்து காது கொடுப்பது நான். எனக்கு உடம்பில் சத்து கிடையாது, காது உண்டு. இருபது பேர் பாடுகிற பாடகர் குழுவில் யார் சுருதி இறங்குகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இந்த ஊரில் சத்தம் சம்பந்தமாக ஒரு சந்தேகம் என்றால் என்னைத்தான் கேட்பார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் இது தேவைப்படும்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டின் முன்னறையில் ஸ்பீக்கர் பெட்டிகளோடு கிடந்தேன். மதினி தாணம்மாள் சுசீந்திரத்துக்காரி. வேலை முடிந்து நான் எந்த நேரத்துக்கு வந்தாலும் வாசலில் நின்று ஒரு சீட்டி அடிப்பேன். கீழே தொடங்கி மேலே வளைந்து நிற்கிற சின்னச் சீட்டி. உள்ளேயிருந்து "வந்தியா மக்கா?" என்று கேட்பாள். பிறகு தாழ் விலகும். வேறொன்றும் இல்லை. அவ்வளவுதான் எனக்கும் அவளுக்கும் உள்ள பேச்சு. யாரும் தப்பாக நினைக்க அதில் எதுவும் இல்லை.

போன மழைக்காலத்தில் பெட்டி இறக்கும்போது அண்ணன் விழுந்தார். வலப்பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. நெய்யூர் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சளி தொண்டையில் அடைத்தால் இவரால் தானாகப் புரள முடியாது, உடனே வந்து ஒருக்களித்துப் படுக்கவைத்து வாயைத் துடைத்து எடுக்க வேண்டும், தாமதித்தால் மூச்சு நின்றுவிடும். மதினி தலையாட்டினாள். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அதற்காகத்தான் பெல். கட்டியது நான். பொத்தானைக் கட்டிலின் இடப்பக்கச் சட்டத்தில், அவர் கட்டைவிரல் எட்டுகிற இடத்தில் கட்டினேன். சத்தம் வருகிற பெட்டி அடுக்களை அலமாரியில். அதில் பல டியூன் உண்டு. ஒவ்வொன்றாக அடித்துக் காட்டி அண்ணனையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். ஐந்து சுரம் படியிறங்கி வந்து சட்டென்று நிற்கிற ஒன்றுக்குப் புருவத்தைத் தூக்கினார். நல்ல தேர்வுதான். இத்தனை வருஷம் என்கூட இருந்தவருக்குக் கொஞ்சமாவது காது இருக்காதா.

அதற்குப் பிறகு மதினி உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. தண்ணீருக்கு பெல், ஃபேனுக்கு பெல், ஈ உட்கார்ந்தால் பெல். சில நேரம் சும்மாவே அடிப்பார். அவள் போய் நின்றால் ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டிச் சிரிப்பார், பாதி வாயால். அவளும் சிரித்துவிட்டு வருவாள். எனக்குக் கறி ஊற்றிக்கொண்டிருக்கும்போது அடித்தால் அகப்பையைச் சட்டியிலேயே போட்டுவிட்டு ஓடுவாள். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சோறு ஆறுவதைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனது. வளையல் முழங்கை வரை ஏறியது. மனுஷி ஒருநாள் முழுசாகத் தூங்க வேண்டாமா? எனக்கு அது ஒன்றுதான் கவலையாக இருந்தது.

இந்தக் குஞ்சு அந்தச் சமயத்தில்தான் வந்தது. கீரிப்பாறைப் பக்கம் ஒரு சர்ச் திருவிழாவுக்கு செட் போடப் போயிருந்தேன். ரப்பர் வெட்டுகிற ஏசுஅடிமை, காற்றில் முறிந்த கிளையில் கிடந்தது என்று துண்டில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். அங்கே காட்டு ஓரத்தில் இதன் இனத்தானை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தவிட்டுக்குருவிக் கூட்டம் புழு கிளறித் தின்றுகொண்டிருக்கும். இது மேலே உட்கார்ந்து வல்லூறு மாதிரி ஒரு சத்தம் விடும். குருவிகள் அரண்டு, வாயில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பறக்கும். இது நிதானமாக இறங்கி எடுத்துக்கொள்ளும். ஆனால் அதையே பலமுறை செய்தால் குருவிகள் பழகிவிடும், தலையைக்கூடத் தூக்காது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். அன்றைக்கு எனக்கு ஒரு யோசனையும் தோன்றவில்லை. தோன்றியது என்று எழுத வேண்டாம்.

கடையில் வைத்து இதற்குப் பாட்டுப் போட்டுப் பார்த்தேன். செண்டை மேளம் போட்டால் சிறகை ஒடுக்கிக்கொண்டு மூலைக்குப் போய்விடும். நாகஸ்வரத்துக்குத் தலையைச் சாய்க்கும். வில்லுப்பாட்டில் அந்த மணிச் சத்தம் வந்ததும் கம்பியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கும். தனிப் புல்லாங்குழல் என்றால் கூடவே தானும் ஏதாவது சொல்லிப் பார்க்கும். மெல்லிய, மேல்சுரம்தான் இதற்குச் சரி. பிறகு அணில், குயில், டெம்போவின் ரிவர்ஸ் சத்தம், என் செல்போன் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டது. அண்ணனுக்குப் பொழுதுபோகட்டும் என்று வீட்டுக்குக் கொண்டுபோய் அடுக்களைக்குப் பின்கட்டில் கூண்டை மாட்டினேன். அண்ணனுக்கு இதை ரொம்பப் பிடித்தது. இது டெம்போ மாதிரி சத்தம் போட்டால் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். அதைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பெல் சத்தத்தை இது தானாகவே பிடித்தது. போலீஸ் ஸார் என்னைப் பார்க்கிறார். சரி, தானாகப் பிடித்தது என்பது முழுக்கச் சரியில்லை. அடுக்களைப் பெட்டி மாதிரியே இன்னொன்று வாங்கி, மதினி ஆற்றுக்குத் துணி துவைக்கப் போகிற நேரத்தில் கூண்டருகே வைத்து அடித்துக் காட்டினேன். திருப்பிச் சொன்னால் ஒரு வெட்டுக்கிளி. சொல்லாவிட்டால் கிடையாது. மூளை உள்ள பறவை, சீக்கிரம் புரிந்துகொண்டது. ஆனால் ஒரு வேடிக்கை செய்தது. ஐந்து சுரம் இறங்கி வந்து நின்றதும், கடைசியில் என் சீட்டியை ஒட்டவைத்தது. வாசலில் நான் அடிக்கிற அதே சீட்டி. அதை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. தினமும் கேட்டுக் கேட்டு அதுவாகச் சேர்த்துக்கொண்டது. இதைச் சத்தியமாகச் சொல்கிறேன்.

முதல் இரண்டு நாள் மதினி ஏமாந்து ஓடினாள். மூன்றாம் நாள் பிடித்துவிட்டாள். அகப்பையும் கையுமாக நின்று காது கொடுத்துக் கேட்டாள். பிறகு பறவையைப் பார்த்து, "கள்ளப்பயலே, அவனுக்க சீட்டியயும் சேத்துல்லா அடிக்க" என்றாள். என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அண்ணன் விழுந்த பிறகு என்னைப் பார்த்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதிலிருந்து அவளுக்கு ஒரு கணக்குக் கிடைத்தது. சீட்டியோடு முடிந்தால் பறவை, மொட்டையாக முடிந்தால் அண்ணன். மொட்டைச் சத்தத்துக்கு ஓடுவாள். சீட்டிச் சத்தத்துக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே சிரிப்பாள். சில நேரம் சந்தேகம் வந்தால், "மக்கா, அது பெல்லா பறவயா?" என்று என்னைக் கேட்பாள். நான் சொன்னால் அப்படியே நம்புவாள். நான் ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை, ஒரு நாளைத் தவிர.

ஸார், அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீட்டி கேட்டதும் தோளை இறக்கி, காலை நீட்டி, ஒரு மூச்சு விடுவாள். எழுந்து போக வேண்டியதில்லை என்ற நிம்மதி. அது பெல் இல்லை, நான் என்ற நிம்மதி. நான் என்றால், பறவை. அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு ஓய்வு. எல்லா நேரமும் அவளுக்கு அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததில் என்ன தப்பு?

பிறகு நான் செய்தது தொழில் சார்ந்த ஒரு சின்ன வேலை. நல்ல மைக் ஒன்றைக் கூண்டருகே வைத்துப் பறவை சொல்வதைப் பதிவு செய்தேன். பெல் பெட்டிக்குள் இருந்த சர்க்யூட்டை எடுத்துவிட்டு, பதிவைப் பாடுகிற சின்ன சர்க்யூட் ஒன்றை வைத்தேன். முதலில் சரியாக வரவில்லை. பெட்டியில் இருந்த மலிவு ஸ்பீக்கர் மேல்சுரத்தைத் தின்றுவிட்டது, சீட்டி ஜலதோஷம் பிடித்த மாதிரி கேட்டது. ஸ்பீக்கரையும் மாற்றினேன். அதன் பிறகு, எனக்கே கண்ணை மூடினால் வித்தியாசம் தெரியவில்லை. அந்த சர்க்யூட் இதோ இந்த மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. தூக்கிப்போட மனம் வரவில்லை. நல்ல பதிவு.

மாட்டி முடித்ததும் சரிபார்க்க அண்ணனின் கட்டிலுக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினேன். மதினி கோயிலுக்குப் போயிருந்தாள். அடுக்களையிலிருந்து ஐந்து சுரமும் சீட்டியும் வந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு பொத்தானைப் பார்த்தார். இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நல்ல பலம் இருந்தது அந்தக் கையில். வாயைத் திறந்து திறந்து மூடினார். தனக்காக இவ்வளவு பாடுபடுகிறானே என்று நன்றி சொல்கிறார் என எடுத்துக்கொண்டேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விடுவித்துக்கொண்டு, "சும்மா கெடண்ணே, வல்லதும் வேணும்னா அடி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்தேன். உள்ளித்தீயல். மதினி இலை போட்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். பெல் அடித்தது. ஐந்து சுரம், கடைசியில் சீட்டி. அவள் சிரிக்க வாயெடுத்தவள், அகப்பையை நிறுத்தினாள். பின்கட்டுப் பக்கம் தலையைத் திருப்பி, "இல்ல மக்கா, கூண்ட நான்..." என்று ஏதோ சொல்லத் தொடங்கினாள். நான் முந்திக்கொண்டேன்.

"பறவயாக்கும் மதினி. நீங்க இரிங்க."

"பறவயா?"

"சீட்டி கேக்கலியா? எனக்குத் தெரியாத சத்தமா?"

உட்கார்ந்தாள். இரண்டாம் முறை அடித்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சோற்றைப் பிசைந்தேன். மூன்றாம் முறை, நடுவிலேயே நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. "இன்னைக்கி என்னவாக்கும் இந்தப் பாடு படுத்துகு" என்றாள். வெயில் அப்படி என்றேன். இன்னும் கொஞ்சம் தீயல் ஊற்றச் சொன்னேன், ஊற்றினாள். பிறகு சத்தம் இல்லை. அந்த நேரத்தில் அவள் தானும் ஒரு இலை போட்டு, என் எதிரில் உட்கார்ந்து, எழுந்து ஓடாமல் முழுசாகச் சாப்பிட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. பறவை அவளுக்குச் செய்த உபகாரம் அது. உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். தீயல் நன்றாக இருந்தது.

கை கழுவிவிட்டு அவள் அண்ணனுக்குக் கஞ்சி எடுத்துப்போனாள். பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. நான் போனபோது அவரைப் புரட்டிப் போட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு அவசியம் இல்லாமல் போயிருந்தது. அண்ணனின் கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது, நகம் வெளுக்க அழுத்தியபடி. அந்த அறை ஜன்னலில் பறவையின் கூண்டு தொங்கியது. காலையில் அண்ணன் ஜாடை காட்டிக் கேட்டார் என்று மதினி பின்கட்டிலிருந்து எடுத்துவந்து அங்கே மாட்டியிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. யாரும் என்னிடம் சொல்லவில்லை. அடுக்களையில் நாங்கள் கேட்ட சத்தம் அந்தக் கூண்டிலிருந்து வந்திருக்க முடியாது. மதினி கூண்டைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அழத் தொடங்கினாள்.

ஆட்கள் வருவதற்கு முன்னால் பழைய சர்க்யூட்டையே பெல்லில் திரும்ப வைத்தேன். அண்ணனுக்கு நாமம் இட்டு, வடக்குப் பார்த்து, எங்கள் வழக்கப்படி அடக்கம் செய்தோம். நான் நன்றாக அழுதேன். நடிப்பு என்று யாரும் சொல்ல முடியாது. என் அண்ணன் ஸார் அவர். இந்தக் கடையின் ஒவ்வொரு பெட்டியும் அவர் தோளில் ஏறி இறங்கியது. இப்போதும் செட் போட்டு முடித்ததும் வாய் அவர் பேரைத்தான் கூப்பிடுகிறது.

உறவுக்காரர்கள் எல்லாம் போன பிறகு மதினி என்னைக் கூப்பிட்டாள். "அண்ணனுக்க பெல்ல ஒருக்கா அடி" என்றாள். போய் அழுத்தினேன். ஐந்து சுரம், மொட்டையாக நின்றது. இன்னொருக்கா என்றாள். அடித்தேன். இன்னொருக்கா என்றாள். மூன்றுமுறையும் மொட்டையாகத்தான் நின்றது. "பாத்தியளா மதினி, அன்னைக்கி அண்ணன் அடிக்கவே இல்ல. ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல" என்றேன். அவள் மனசைத் தேற்ற வேண்டும் என்றுதான் சொன்னேன். தன் மேல் பழி போட்டுக்கொண்டு அவள் தூங்காமல் கிடந்தால் நான் இவ்வளவு செய்ததற்கே அர்த்தம் இல்லையே.

அவள் பெல் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். ஸ்பீக்கர் மட்டும் புதிதாகப் பளபளத்தது. அதை மாற்ற மறந்துவிட்டேன். "நீ கடையில போய் இரி. பறவயயும் கொண்டு போ" என்றாள். மக்கா என்று சேர்த்துச் சொல்லவில்லை. தூக்கக் கலக்கம், பாவம்.

புகார் கொடுத்தது அவள்தான் என்று நீங்கள் சொன்னீர்கள். பறவையைப் பற்றித்தான் கொடுத்திருப்பாள். அந்தச் சத்தம் கேட்டால் அவளுக்கு அண்ணன் ஞாபகம் வரும், அதனால் காட்டுக்கே போகட்டும் என்று நினைத்திருப்பாள். நல்ல யோசனைதான். பெல்லை ஏன் போலீஸில் கொண்டுபோய்க் கொடுத்தாள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. உறையில் போட்டு வைத்திருக்கிறீர்கள். கேட்டிருந்தால் நானே தந்திருப்பேனே.

நான் செய்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். பறவையை வளர்த்தது நான். பெல் சத்தத்தைப் பழக்கியது நான். பறவையின் சத்தத்தை பெல்லில் ஏற்றியது நான். பறவைதான், இரிங்க என்று சொன்னதும் நான். அண்ணன் கூப்பிடுகிறார் என்று தெரிந்தேதான் சொன்னேன். இதில் எது எந்தச் சட்டத்தில் வருகிறதோ போட்டுக்கொள்ளுங்கள். யாருக்காக என்று ஒரு வரி சேர்க்க முடியுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் தூங்க வேண்டும். எனக்கென்று நான் ஒன்றும் கேட்கவில்லை.

தூங்குகிறாள் என்றுதான் நினைக்கிறேன். நேற்றுச் சாயங்காலம் மாற்றுத்துணி எடுக்கலாம் என்று வீட்டுப் பக்கம் போனேன். விளக்கு எரிந்தது, கதவு திறந்துகிடந்தது. வாசலில் நின்று வழக்கம்போல சீட்டி அடித்தேன். வந்தியா மக்கா என்று குரல் வரவில்லை. கதவு மூடியது. மேல் தாழ் போட்டாள், பிறகு கீழ்த் தாழ், பிறகு அதற்கு முட்டுக்கொடுத்து ஏதோ கனமான ஒன்றை இழுத்து வைத்தாள். சத்தத்தில் தெரிந்தது, அண்ணனின் கட்டில். சீக்கிரமே படுக்கப் போகிறாள், நிம்மதியாகத் தூங்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, துணி எடுக்காமலேயே திரும்பி வந்தேன்.